இரவு பத்து மணிப் பசி

விருதுநகரில் பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கடை வாசலில் கல்லைப் பற்றவைப்பார்கள். மற்ற ஊர்களில் உள்ளதுபோல அது தட்டைக் கல் அல்ல. நடுவில் குழிந்து, எண்ணெய் தேங்கி நிற்கும். மாஸ்டர் மைதா உருண்டையை எண்ணெய் தடவிய மேசையில் தட்டி, வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கி, மடித்துச் சுருட்டி, மறுபடி தட்டி அந்த எண்ணெய்க்குள் இறக்குவார். இறங்கிய நொடியில் ஓரமெல்லாம் நுரை கட்டும். மாவில் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறும் நுரை அது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழைய வழி குறைவு. தண்ணீர் வற்றி மேற்புறம் நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் கூடிப் பொன்னிறமும் மணமும் தருகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலர் மேயார் பெயரால் இது மேயார் வினை எனப்படுகிறது.

எண்ணெயில் பெரும்பங்கு மாவுக்குள் போவது பொரியும்போது அல்ல, வெளியே எடுத்த பிறகுதான். சூடு தணியும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும். அப்போது உண்டாகும் வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஆகையால் எண்ணெய் வடியாமல் அவசரமாக இலையில் விழும் பரோட்டாவும் நன்றாக வடித்துப் போட்ட பரோட்டாவும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உடம்புக்கு ஒன்றல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரோட்டாவுக்கு 50 கிராம் மைதா என்றால் சுமார் 175 கலோரி. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. 12 கிராம் எண்ணெய் ஏறியிருந்தால் இன்னொரு 108. நான்கு பரோட்டா சாப்பிட்டால் 1,100ஐத் தாண்டும். சால்னா, சுக்கா, ஆம்லெட் எல்லாம் இதில் சேரவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும், பெண்ணுக்கு 1,660 போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. கடின உழைப்பாளியான ஆணுக்கு 3,470. விருதுநகர் சந்தையில் நாளெல்லாம் பருப்பு மூட்டையும் வத்தல் மூட்டையும் சுமந்தவர் ராத்திரி நான்கு பரோட்டா சாப்பிட்டால் அது அவர் உழைப்புக்குக் கட்டுப்படியாகும். கணினி முன்னாலோ கல்லாப்பெட்டி முன்னாலோ பகலைக் கழித்த அவருடைய பேரனுக்கு அது பாதி நாள் சாப்பாடு. அதுவும் மூன்று வேளை சாப்பிட்டு முடித்த பிறகு.

பரோட்டாவை நான் விஷம் என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லும் செய்திகள்தாம் வாட்ஸப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. மைதாவை வெளுக்கச் செய்யும்போது அலோக்ஸான் என்ற ரசாயனம் சேர்கிறது, அதுதான் சர்க்கரை நோய்க்குக் காரணம் என்பது அவற்றில் மிகப் பிரபலமானது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எளிதில் நம்பிவிடுகிறோம். ஆய்வகத்தில் எலிகளுக்கும் முயல்களுக்கும் சர்க்கரை நோயை வரவழைக்க அலோக்ஸானை ஊசியில் ஏற்றுவது உண்டு. 1943இலேயே முயலில் இந்த விளைவு கண்டறியப்பட்டது. ஆனால் அங்கே ஏற்றுவது பெரிய அளவு. மனிதக் கணையத்தின் இன்சுலின் செல்கள் அலோக்ஸானுக்கு அவ்வளவு எளிதில் அழிவதில்லை என்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. மாவில் இருக்கக்கூடிய துளி அளவால் மனிதருக்குச் சர்க்கரை நோய் வந்ததற்குச் சான்று கிடையாது.

இந்த வதந்தியால் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ரசாயனத்தைப் பார்த்துப் பயப்படும் நாம், கண்முன்னால் தட்டில் இருக்கும் அளவைப் பார்க்கத் தவறுகிறோம். மைதாவின் உண்மையான குறை அதில் என்ன சேர்கிறது என்பதில் இல்லை, அதிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள் என்பதில் இருக்கிறது. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி, நடுவிலுள்ள மாவுப்பொருளை மட்டும் அரைத்தால் மைதா. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராமுக்குச் சற்று மேல். மைதாவில் மூன்று கிராம்கூட இல்லை. நார் இல்லாத மாவு விரைவில் செரித்து, விரைவில் ரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும்.

அதே அட்டவணையில் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியின் நார்ச்சத்தும் ஏறக்குறைய மைதா அளவுதான். மைதாவைத் திட்டிவிட்டு, மத்தியானம் சோற்றைக் குவித்துக்கொள்ளும் நம் வழக்கம் அறிவியலுக்குப் பொருந்தாது. கம்பில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல், கேழ்வரகிலும் அப்படியே. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணும் மானாவாரி நிலமும் கம்புக்கும் சோளத்துக்கும் குதிரைவாலிக்கும் ஏற்றவை. அந்தத் தானியங்கள் இன்றும் இங்கே விளைகின்றன, நம் தட்டில்தான் இடம் குறைந்துபோனது.

எண்ணெய்க்கு வருவோம். இது எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சிதைவுப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். நிறம் கறுக்கும், கெட்டிப்படும், நுரை அடங்காது. இந்தச் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் உள்ளது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் கையடக்கக் கருவியை எண்ணெயில் விட்டு நொடியில் அளந்துவிடலாம். வாடிக்கையாளர் கையில் கருவி இல்லை, ஆனால் மூக்கு இருக்கிறது. கல்லில் காறல் நெடி அடித்தால் அந்தக் கடையில் உட்கார வேண்டாம்.

இதுவரை சொன்னது வயிற்றுக் கதை. இரவு பத்து மணிக்கு, சாப்பிட்டு முடித்துப் படுத்த பிறகு பரோட்டா நினைப்பு வருகிறதே, அந்தப் பசி வயிற்றிலிருந்து வருவதில்லை, கண்ணிலிருந்து வருகிறது.

கண்ணுக்கு விருந்து வைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. பக்கத்திலிருக்கும் சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதும் பெட்டிமேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. அச்சகங்கள் வந்தன. பிறகு பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை என்று நாட்டின் வண்ண அச்சுக்கு சிவகாசிதான் என்றானது. பட்டாசுப் பெட்டியின் மேல் சினிமா முகங்களும் குழந்தை முகங்களும் வந்ததற்குக் காரணம் எளிது. உள்ளே இருப்பது எப்படி வெடிக்கும் என்பதைக் கடையில் வெடித்துக் காட்ட முடியாது. படம்தான் கையை நீட்ட வைக்க வேண்டும். வியாபாரிக்கு அனுபவத்தில் தெரிந்திருந்த இந்த உண்மையை நரம்பியல் அறிஞர்கள் பின்னால் அளந்து காட்டினார்கள்.

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையில் டோபமீன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். வாயில் பழச்சாறு விழுந்ததும் அவை துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கினார். கொஞ்ச நாளில் சாற்றுக்குத் துடிப்பது நின்று, அடையாளத்தைக் கண்டதும் துடிக்கத் தொடங்கின. அதாவது, அந்தத் துடிப்பு பண்டத்தை விட்டு அதன் அறிவிப்புக்கு நகர்ந்துவிட்டது. கெண்ட் பெர்ரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு மேலும் ஒரு விளக்கம் தந்தார்: மூளையில் ‘வேண்டும்’ என்ற உந்துதலும் ‘நன்றாக இருக்கிறது’ என்ற இன்பமும் தனித்தனி ஏற்பாடுகள். முதலாவது வளர்ந்துகொண்டே போகலாம், இரண்டாவது அதோடு சேர்ந்து வளரவேண்டிய கட்டாயமில்லை. அவசரமாகப் பார்சல் வாங்கிவந்து, பாதி சாப்பிடுவதற்குள் சலித்துப்போய், மறுநாள் மறுபடி அதையே தேடுகிறோமே, அது இதனால்தான்.

கைப்பேசித் திரையில் எண்ணெயில் மிதக்கும் பரோட்டா அருகில் வருகிறது. பிய்க்கும்போது மொறுக்கென்ற சத்தம், சால்னா ஊற்றும் சத்தம், கொத்துப் பரோட்டாவின் தாளம். சத்தத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் சாம்பினியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடித்தவர்களின் காதில் அந்தக் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தார்கள். சத்தம் கூடியபோது, அதே சிப்ஸை இன்னும் மொறுமொறுப்பானது, இப்போதுதான் செய்தது என்றார்கள். நம் ஊர்க் கொத்துப் பரோட்டா மாஸ்டர்கள் தெருமுனை வரை கேட்கும்படி கல்லில் தட்டுவதன் பலனை நெடுங்காலமாக அறிவார்கள். வித்தியாசம் என்னவென்றால், அந்தச் சத்தம் தெருவோடு நின்றது. கடை மூடினால் ஓய்ந்தது. கைப்பேசியில் அது ஓய்வதில்லை. ஒன்றைப் பார்த்தால் அதுபோல இன்னும் பத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதே அந்த ஏற்பாட்டின் வேலை.

சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2009இல் சுசீந்திரன் இயக்கத்தில் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’ படத்தில் நடிகர் சூரி பரோட்டாப் பந்தயத்தில் உட்காரும் காட்சி தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தது. ‘பரோட்டா சூரி’ என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. நன்றாக எடுக்கப்பட்ட நகைச்சுவை அது. ஆனால் அதன்பின் பல ஊர்க் கடைகளில் நிஜமாகவே பரோட்டாப் பந்தயம் வைத்தார்கள். இன்று யூடியூபில் ஒருவரே மலைபோல உணவைக் குவித்துவைத்துச் சாப்பிடும் காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி இரைப்பையின் விரிவாலும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களாலும் மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். வேகமாகச் சாப்பிடுவது அந்தச் செய்தி வருமுன்பே ஓடி முடித்துவிடும் முயற்சி. பந்தயத்தில் அதற்குத்தான் பரிசு.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 9 முதல் 11 வயது வரையுள்ள 176 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பிரபலமான காணொளிக்காரர்கள் நொறுக்குத்தீனியோடு இருக்கும் இன்ஸ்டாகிராம் படங்களைச் சிலருக்கும், உணவே இல்லாத படங்களைச் சிலருக்கும் காட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் தின்பண்டம் வைத்தார்கள். நொறுக்குத்தீனிப் படத்தைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிட 26 விழுக்காடு கூடுதல் கலோரி சாப்பிட்டார்கள். மூன்றாவது பிரிவாக, ஆரோக்கியமான பண்டத்தோடு பிரபலங்கள் இருக்கும் படத்தைப் பார்த்த குழந்தைகள் அத்தகைய பண்டத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல உணவுக்கும் விளம்பரம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. நல்ல விதி. பிள்ளையின் கையில் இருக்கும் திரைக்கு இந்த 50 மீட்டர் பொருந்தாது. 2024இல் திரவ நைட்ரஜனில் நனைத்த ‘புகை பிஸ்கட்’டைத் தின்று வாயிலிருந்து புகை விடும் காணொளி பரவியது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. வாயையும் குடலையும் புண்ணாக்கக்கூடியது. கர்நாடகத்தில் ஒரு சிறுவன் வலியில் துடித்த காணொளி வந்தபின் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோடமைன்-பி சாயம் இருப்பது கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. இரண்டுமே சுவையை முன்வைத்து விற்கப்பட்டவை அல்ல. புகையும் நிறமும்தான் அங்கே விற்பனையானது.

துரித உணவு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது தள்ளுவண்டி நூடுல்ஸ். அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள். பிரேசில் நாட்டு அறிஞர் கார்லோஸ் மொன்டேரோ இவற்றை மிகை பதப்படுத்திய உணவு என்று தனியாக வகைப்படுத்தினார். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகை உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். பரிமாறிய தட்டுகளில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார். பொட்டல உணவு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோ அளவுக்கு எடை கூடினார்கள். மெல்லும் வேலை குறைவு, வேகமாக இறங்குகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

சாத்தூர்ச் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இந்த வகையில் சேரா. கடலைமாவு, வத்தல், பூண்டு, எண்ணெய், பால், சர்க்கரை என்று நமக்குத் தெரிந்த பொருள்களில் செய்யப்படுபவை அவை. அதற்காக நம் ஊர்ப் பண்டம் என்ற ஒரே காரணத்தால் அவை உடம்புக்கு நல்லவை ஆகிவிடா. எண்ணெயும் சர்க்கரையும் ஊர்ப்பாசம் பார்ப்பதில்லை. கால் கிலோவை டிவி முன்னால் வைத்துக்கொண்டு தீர்த்தால் விளைவு ஒன்றுதான்.

பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகும் பெண்கள் விடிவதற்குள் சமைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். திரும்பிவந்தால் அடுப்பு மூட்டத் தெம்பு இருப்பதில்லை. ராத்திரிக்குப் பரோட்டா பார்சல் அங்கே ஆடம்பரம் அல்ல, களைப்புக்குக் கிடைத்த வழி. அவர்களைப் பார்த்து ‘வீட்டில் சமைக்கக் கூடாதா’ என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் உடம்பின் கணக்கு இரக்கம் பார்க்காது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 40.4 விழுக்காட்டினருக்கு எடை அளவுக்கு மேல். இரண்டும் ஒரே மாநிலத்தில், பல வீடுகளில் ஒரே ஆளிடம். வயிறு நிறைகிறது, இரும்புச்சத்து சேரவில்லை.

தூக்கமும் இதில் சேர்த்தி. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 விழுக்காடு கூடியிருந்தது, பசியை அடக்கும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் தேடியதும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களைத்தான். நள்ளிரவு வரை காணொளி பார்ப்பவரின் மறுநாள் பசி முந்தைய இரவிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதே திரை, அடுத்த நொடியில் ‘ஏழே நாளில் தொப்பை குறைய’ என்று சொல்லித் தருகிறது. தின்னத் தூண்டுவதும் தின்றதற்கு வெட்கப்பட வைப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவியரைத் தொலைக்காட்சி வந்த புதிதிலும் மூன்று ஆண்டு கழித்தும் சந்தித்தார். எடை குறைக்க வாந்தியெடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை. 1998இல் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. உடம்பு பருத்திருப்பதை அழகென்று கொண்டாடிய ஊர் அது. நமக்குப் பக்கத்திலேயே, 2025 மார்ச்சில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர் காணொளிகளைப் பார்த்து மாதக்கணக்கில் உணவைத் தவிர்த்து உயிரிழந்தார். பிள்ளை சாப்பாட்டை ஒளித்துவைத்தாலோ, கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்று வருந்தினாலோ, அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

உணவு மனதைத் தொடுகிறதா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒரு தொடக்கம். மனச்சோர்வு கொண்ட 67 பேரில் காய்கறி, பருப்பு, மீன், முழுதானியம் என்று உணவை மாற்றிக்கொள்ள உதவப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் நோயிலிருந்து விடுபட்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 விழுக்காட்டினர். சிறிய ஆய்வு இது. இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டை மனதின் கணக்கில் சேர்க்கலாம் என்று சொல்ல இது போதும்.

பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறு போட வேண்டும் என்று நினைத்த காமராசர் பிறந்த ஊர் விருதுநகர். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டம், 2024இல் அவருடைய பிறந்தநாளான ஜூலை 15இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் என்று சூடாக, சேர்ந்து உட்கார்ந்து, திரை இல்லாமல் பிள்ளைகள் சாப்பிடும் வேளை அது. பெரியவர்களான நாம் வீட்டில் ஒரு வேளையாவது அப்படிச் சாப்பிடலாம். பரோட்டாவை விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள், கடைக்கு நடந்துபோய், பத்து மணிக்கு முன்பே, இரண்டோடு நிறுத்தி, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பிள்ளைக்கு ஊட்டும்போது காணொளி போட்டுக் காட்டும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. முப்பது வயதைத் தாண்டியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் கதவைத் தட்டினால் கையை நீட்டுங்கள். கட்டணம் கிடையாது.